காது வெட்டிய கிடாய்

எங்கள் ஊரை அழகாக்க ஆரம்பித்த சங்கம் முதன்முதலில் உதிர்த்தது செல்லச்சாமியின் முன்பல் இரண்டை. என் அண்ணன் வேதநாயகம் மண்வெட்டிப் பிடியால் அவன் வாயிலேயே போட்டார். செல்லச்சாமி மண்ணில் உட்கார்ந்து ரத்தத்தைத் துப்பித் துப்பிப் பல்லைத் தேடினான். அவனுடைய ஆடுகள் அவனைச் சுற்றி நின்று, சங்கம் நட்ட பூவரசங் கன்றுகளை நிதானமாக மேய்ந்துகொண்டிருந்தன.

நான் தண்ணீர்க் குடத்தோடு பக்கத்தில் நின்றேன். எனக்குச் சிரிப்பு வந்தது, அதைச் சொல்வதில் என்ன வெட்கம். மணலில் ஊற்றுத் தோண்டி, கொட்டாங்கச்சியால் அள்ளி, இடுப்பு ஒடியச் சுமந்து அந்தக் கன்று ஒவ்வொன்றுக்கும் ஊற்றுகிறவள் நான். அன்றைக்கு மண்வெட்டி என் கையில் இருந்திருந்தால் இன்னும் சில பல் சேர்ந்தே விழுந்திருக்கும்.

இது ஐம்பத்தேழில், அக்காள்மடத்தில் நடந்தது. சங்கத்துக்குத் தலைவர் சதக்கத்துல்லா காக்கா. எங்கள் பக்கத்தில் முஸ்லிம் வீட்டு மூத்த ஆண்களைக் காக்கா என்றும் பெண்களை லாத்தா என்றும்தான் கூப்பிடுவோம். நாங்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள் என்றாலும் அந்தப் பழக்கத்தில் மாற்றமில்லை. காக்கா கொழும்பில் கடை வைத்திருந்தவர். அதை விற்றுவிட்டு ஊரோடு வந்து சேர்ந்தார். வந்த நாளிலிருந்து மூக்கைப் பிடித்துக்கொண்டே நடந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. ராமேஸ்வரம் போகிற ரோட்டோரம் முழுக்க மீன் குடலும் அழுகின பாசியுமாகக் கிடக்கும். வண்டியில் போகிற யாத்திரைக்காரர்கள் எங்கள் ஊர் வந்தவுடன் துண்டால் முகத்தை மூடிக்கொள்வார்கள்.

"காசிக்காரன்லருந்து மதுரைக்காரன் வரைக்கும் நம்ம ஊரக் கண்டா மூக்கப் பொத்துறான். ரோசம் இல்லியாப்பா நமக்கு?" என்று காக்கா கேட்டார்.

என் அண்ணன் ரயில்வேயில் தண்டவாளம் பார்க்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வந்து, யாரை அதட்டலாம் என்று ஆள் தேடிக்கொண்டிருந்த நேரம் அது. ரோசத்துக்கு அவரிடம் பஞ்சமே கிடையாது. காக்காவுக்குச் செயலாளர் கிடைத்துவிட்டார். 'அக்காள்மடம் ஊர் அழகுச் சங்கம்' என்று போர்டு எழுதி மாட்டினார்கள். புருஷனைக் கடலுக்குக் கொடுத்துவிட்டுக் கருவாடு விற்றுப் பிழைக்கிற நான், மிக்கேலம்மாள், அண்ணன் வீட்டில் இருந்த பாவத்துக்குச் சங்கத்தின் தண்ணீர்க்காரி ஆனேன்.

வேலை நடந்தது. இல்லையென்று சொன்னால் நாக்கு அழுகிப் போகும். குடல் குவியல்களை வாரிக் குழியில் புதைத்தோம். சிப்பியைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கிக் கிணற்றுச் சுவர், பாலக் கட்டை, மாதாவின் குகைக் கெபி, பள்ளிவாசல் மதில் என்று ஒன்று விடாமல் வெள்ளையடித்தோம். சாதி, மதம் என்று பார்க்காமல் எல்லா வீட்டுப் பெண்களும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தார்கள். ரோட்டின் இரண்டு பக்கமும் பூவரசங் கம்பு ஊன்றி, உடைமுள் வேலி கட்டினோம். உப்புக் காற்றிலும் அது துளிர்த்தது. எனக்குப் பெற்ற பிள்ளை தவழ்ந்ததைப் பார்த்த மாதிரி இருந்தது.

அந்தத் துளிரைத்தான் ஆடு தின்றது. முள்ளை முட்டி விலக்கிவிட்டுத் தின்றது. செல்லச்சாமி ஒரு பட்டி ஆடு வைத்திருந்தான். அவனுக்குப் பூவரசு நட்ட ரோடு, சங்கம் இலவசமாகப் போட்ட விருந்துப் பந்தி.

பல் விழுந்த பிறகு சதக்கத்துல்லா காக்கா ஊரைக் கூட்டிச் சமாதானம் செய்தார். கன்றில் வாய் வைத்த ஆட்டைப் பிடித்துப் பாம்பனில் மேய்ச்சல் மாடு ஆடுகளை அடைக்கும் பவுண்டில் அடைப்பது, ஆளை அடிக்கக் கூடாது என்று முடிவானது. நேர்ந்துவிட்ட ஆட்டுக்கு மட்டும் விலக்கு. அதை யாரும் எடுத்துச் சொல்லவே தேவையில்லை. ஏர்வாடி தர்காவுக்கு நேர்ந்த கிடாய்க்கு இடது காதில் வெட்டு இருக்கும். எங்கள் வேதத்து ஓரியூர் அருளானந்தருக்கு நேர்ந்த கிடாய்க்கு வலது காதில். அந்தக் காதைப் பார்த்தால் எந்த மதத்துக்காரனும் கை ஓங்க மாட்டான். அதைக் கட்டியும் போடக் கூடாது. கட்டினால் கொடுத்ததைத் திரும்ப எடுத்த மாதிரி, நேர்ச்சை முறிந்துவிடும். அது இஷ்டத்துக்குத் திரியும், எந்த வீட்டு வாசலிலும் தின்னும்.

அடுத்த மாதமே எங்கள் ஊருக்குத் திடீர் பக்தி வந்துவிட்டது. எந்த ஆட்டைப் பார்த்தாலும் காதில் வெட்டு. செல்லச்சாமியின் பட்டியில் குட்டிக்குக்கூட வெட்டு. சிலதுக்கு இரண்டு காதிலும் வெட்டு இருந்தது. ஒரே ஆட்டை ஏர்வாடிக்கும் ஓரியூருக்கும் எப்படிப் பங்கு வைப்பான் என்று கேட்டேன். "அது எனக்கும் சாமிக்கும் உள்ள கணக்கு" என்று முன்பல் போன வாயால் இளித்தான்.

அண்ணன் உப்புக் கொட்டகைக்குப் பின்னால் அவனைக் கையும் களவுமாகப் பிடித்தார். ஆட்டைக் காலுக்குள் இடுக்கி, கத்தியால் காதைக் கீறிக்கொண்டிருந்தான். அண்ணன் அவனைத் தலைமுடியோடு தூக்கிக் கொட்டகைச் சுவரில் மோதினார். மூக்கு உடைந்தது. செல்லச்சாமி தழை அறுக்கிற தொரட்டியை எடுத்து வீசினான். அதன் நுனி அரிவாள் அண்ணன் தோளைக் கிழித்துக்கொண்டு போனது. சதை வாய் பிளந்து தொங்கியது. நான் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்து அப்பிக் கட்டும்போது அவர் மூலையில் கிடந்த கடப்பாரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் சிவந்து கிடந்தது. அந்தக் கண்ணைப் பார்த்து அன்றைக்குத்தான் நான் முதல்முறையாகப் பயந்தேன்.

மறுநாள் கிணற்றடியில் எல்லோர் முன்னாலும் கடப்பாரையைத் தரையில் ஊன்றினார்.

"இனிமே காதும் பாக்க மாட்டேன், கழுத்தும் பாக்க மாட்டேன். எந்த ஆடு கன்னுல வாய வச்சாலும் கால ஒடிச்சுப் போடுவேன். சாமிக்குக் கோவம்னா எங்கிட்ட வந்து கேக்கட்டும்."

கூட்டத்தில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த மெஹருன்னிசா லாத்தா கயிற்றைக் கைவிட்டுவிட்டார். வாளி கிணற்றுக்குள் விழுந்த சத்தம் கேட்டது.

லாத்தாவிடம் உண்மையாகவே நேர்ந்த கிடாய் ஒன்று இருந்தது. அவர் மகன் ஹமீது சுல்தான் தலைமன்னாருக்குத் தோணியில் போய் வருகிறவன். இருபத்தைந்து வயசு, இரும்புத் தூண் மாதிரி இருப்பான். அவனுக்குப் போன வருஷம் விஷக் காய்ச்சல் வந்து, பாயோடு பாயாகக் கிடந்தான். வைத்தியர் கைவிரித்துவிட்டார். லாத்தா பட்டியில் பிறந்த குட்டியை மகன் தலையைச் சுற்றி, காதை வெட்டி, "ஏர்வாடியாரே, இந்த உசுர எடுத்துக்கிட்டு அந்த உசுர விடுங்க" என்று நேர்ந்தார். மகன் எழுந்துவிட்டான். குட்டி கிடாயாக வளர்ந்துவிட்டது. வருகிற சந்தனக்கூட்டுத் திருவிழாவுக்கு அதை வள்ளத்தில் ஏற்றிக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். நேர்ந்த கிடாய் ஊனப்பட்டால் தர்காவில் ஏற்க மாட்டார்கள். கொடுக்காமல் போனால், அதற்குப் பதில் யாரை எடுப்பார்கள் என்று லாத்தாவுக்குச் சந்தேகமே இல்லை.

அன்று சாயங்காலம் என்னைத் தேடி வந்தார்.

"மிக்கேலு, ஒங்க அண்ணன்ட்ட சொல்லு. கட்டிப் போடவும் முடியாது, காவலுக்கு ஆளும் இல்ல. எம்புள்ள உசுரு அந்தக் கிடாயோட கால்ல நிக்கிது."

"நீங்க கவலப்படாதீக லாத்தா. ஒங்க கிடாய ஊருக்கே தெரியும்" என்றேன். கரிய உடம்பு, நெற்றியில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளைச் சுட்டி. இருட்டில் வந்தாலும் அந்தச் சுட்டி முன்னால் வரும்.

அண்ணன் மிருகமில்லை. மறுநாள் காலை கிணற்றடியில், கூட்டம் கேட்கவே லாத்தாவிடம் சொன்னார். "அந்தச் சுட்டிக் கிடாய் மேல என் நெழலுகூட விழாது லாத்தா. அது திங்கிறதத் திங்கட்டும். நான் மரியா பேருல சொல்றேன்."

லாத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனாலும் அன்றிலிருந்து கையில் கொழைத் தழையோடு கிடாயின் பின்னாலேயே திரிந்தார். அது நின்றால் நிற்பார். ரோட்டுப் பக்கம் திரும்பினால் கொழையைக் காட்டி இழுத்துவருவார். சோறு ஆக்குவதைக்கூட மகள் காலிதாவிடம் விட்டுவிட்டார். "ஒங்க கிடாய்க்கு ஒரு அடைப்பக்காரி கெடச்சிட்டா" என்று கேலி செய்தேன். "சந்தனக்கூடு முடியட்டும், அப்பறம் என்னயத் தேடுவே" என்று சிரித்தார்.

கிணற்றடியில் அண்ணன் சத்தியம் செய்ததைச் செல்லச்சாமியும் கேட்டுக்கொண்டுதான் நின்றான். இரண்டு நாளில் சங்கத்தின் சுண்ணாம்புச் சட்டி காணாமல் போனது.

சந்தனக்கூட்டுக்கு முந்தின வியாழக்கிழமை. காலையில் அண்ணனும் நானும் பாலத்துக்குப் பக்கத்துக் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தோம். பாதிக் கன்று மொட்டையாக நின்றது. ஒரு கரிய ஆடு வேலியில் முன்னங்கால் வைத்துக் குருத்தைக் கடித்துக்கொண்டிருந்தது. நெற்றியில் வெள்ளைச் சுட்டி. அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் நின்றார், சொன்ன சொல்லுக்காக.

நான் லாத்தாவைத் தேடினேன். காணோம். பிறகுதான் அது கிடாய் இல்லை, பெட்டை என்று மடியைப் பார்த்துத் தெரிந்தது. அண்ணன் போய் அதன் நெற்றியைத் தேய்த்தார். வெள்ளை முழுக்க அவர் கையில் வந்துவிட்டது. எங்கள் சிப்பிச் சுண்ணாம்பு.

அவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கடப்பாரை இறங்கிவிட்டது. ஆடு கத்தக்கூட இல்லை. மண்டை உடைந்து வேலி முள்ளிலேயே தொங்கியது.

"ஏ செல்லச்சாமி! வெளிய வாடா! ஒன்னய இதே கம்பியில கோத்துத் தொங்க விடாம வீட்டுக்குப் போகமாட்டேன்டா!"

அப்படியே கத்திக்கொண்டு ரோடு முழுக்க நடந்தார். சுட்டி வைத்த ஆடு இன்னொன்று கிடைத்தது, அதன் இடுப்பை ஒடித்தார். இன்னொன்று, அதன் கழுத்தில் விழுந்தது. அதையெல்லாம் அவர் தேய்த்துப் பார்க்கவே இல்லை. தேய்த்திருந்தால் சுண்ணாம்புதான் வந்திருக்கும், அது வேறு விஷயம். நான் பின்னாலேயே ஓடினேன். "அண்ணே, பாத்து அடிங்க, பாத்து அடிங்கண்ணே!" என்று கத்தினேன். அவர் காதில் ஏறவில்லை. செல்லச்சாமியை எங்கும் காணோம். பனங்காட்டுப் பக்கம் ஓடி ஒளிந்துவிட்டான்.

மத்தியானம் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொன்ன நேரம் மெஹருன்னிசா லாத்தா, கிடாய் பள்ளிவாசல் மதில் நிழலில் படுத்து அசைபோடுவதைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குள் போயிருக்கிறார். தொழுதுவிட்டு வருகிற நேரம்தான். அதற்குள் அது எழுந்து, மதிலோரக் கன்றுக்குப் போய்விட்டது. அண்ணன் அந்தத் தெரு முக்கில் திரும்பினார். வெள்ளைச் சுட்டியைப் பார்த்தார்.

எனக்குத் தெரிந்துவிட்டது. காதில் வெட்டு பழைய வெட்டு, ஆறித் தழும்பாகி இருந்தது. கழுத்தில் லாத்தா கட்டிய பச்சைத் துணி. "அது லாத்தா கிடாயி!" என்று அலறினேன். கடப்பாரை முன்னங்கால் முட்டியில் விழுந்த சத்தமும் என் சத்தமும் ஒன்றாகக் கேட்டன.

கிடாய் குழந்தை மாதிரி கத்தியது. அண்ணன் குனிந்து அதன் நெற்றியைத் தேய்த்தார். மறுபடி தேய்த்தார். வெள்ளை வரவில்லை. உள்ளங்கையைப் பார்த்தார், ரத்தம் மட்டும்தான் இருந்தது. அவர் முகம் செத்துப்போனது. இன்றைக்கும் அந்த முகத்தை நினைத்தால் எனக்கு அவர் மேல் கோபம் வருவதற்கு முன்னால் பரிதாபம் வந்துவிடுகிறது, அதற்காகவே என் மேல் எனக்குக் கோபம் வருகிறது.

லாத்தா தொழுத துணியோடு ஓடி வந்தார். தொங்குகிற காலைப் பார்த்தார். கிடாயை அப்படியே தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். "வள்ளத்த எறக்கச் சொல்லுங்க. உசுரோட இருக்கும்போதே கொண்டுபோயிரணும். உசுரோட இருந்தா ஏத்துக்குவாரு" என்று சொல்லிக்கொண்டே கடற்கரைப் பக்கம் நடந்தார். கிடாயின் ரத்தம் அவர் முதுகில் வழிந்தது.

அவர் பத்தடி போகவில்லை, எதிரே ஹமீது சுல்தான் வந்துவிட்டான். யாரோ ஓடிப்போய்க் கரையில் சொல்லியிருக்கிறார்கள். கையில் ஆமை குத்துகிற ஈட்டி. உம்மாவின் தோளில் கிடந்ததைப் பார்த்தான். நின்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"என் உசுர ஒடிச்சுப்புட்டியாலே கிழவா!"

"ஹமீது, வேணாம் வாப்பா! அங்கன போகாத!" என்று லாத்தா கத்தினார்.

ஈட்டி அண்ணன் விலாவில் ஏறியது. அவன் பிடுங்கி மறுபடி குத்தினான், தொடையில் இறங்கியது. சதக்கத்துல்லா காக்கா பள்ளிவாசலிலிருந்து ஓடிவந்து அவன் இடுப்பைக் கட்டிப் பிடித்தார். அவன் ஒரு உதறு உதறியதில் எங்கள் தலைவர் வெள்ளையடித்த மதிலில் மோதி விழுந்தார். நான் ஹமீதின் கையைக் கடித்தேன். என் வாயில் அவன் ரத்தம் உப்புக் கரித்தது. அவன் முழங்கையால் என் நெஞ்சில் இடித்தான், மூச்சு நின்றுபோய் உட்கார்ந்துவிட்டேன்.

அதுவரை கடப்பாரையைக் கையில் வைத்துக்கொண்டே குத்து வாங்கினார் அண்ணன். திருப்பி ஓங்கவில்லை. மூன்றாவது தடவை ஹமீது கழுத்துக்குக் குறி பார்த்தபோதுதான், உயிர்ப் பயம் வந்துவிட்டது அவருக்கு. இரண்டு கையாலும் கடப்பாரையைத் தலைக்கு மேல் தூக்கினார். ஹமீதின் மண்டைக்கு நேராக இறக்கினார்.

லாத்தா கிடாயைக் கீழே போட்டுவிட்டுப் பாய்ந்ததை நான் பார்த்தேன். மகனை மார்போடு தள்ளிவிட்டு அவன் நின்ற இடத்தில் அவர் நின்றார். சத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை. பனங்காய் மணலில் விழுந்த மாதிரி இருந்தது.

ஹமீது ஈட்டியைப் போட்டுவிட்டு உம்மாவின் தலையை மடியில் தூக்கி வைத்தான். நான் முந்தானையைச் சுருட்டித் தலையில் அழுத்தினேன். துணி நனைந்துகொண்டே இருந்தது. லாத்தாவுக்கு நினைவு இருந்தது. மகனைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"மிக்கேலு... ஏர்வாடியார்ட்ட போயிச் சொல்லு. கிடாய்க்குப் பதிலா நான் வந்துட்டேன்னு. எம்புள்ளய இனிக் கேக்கக் கூடாதுன்னு."

"சொல்றேன் லாத்தா" என்றேன்.

"மறந்துறாத" என்றார். மகன் மடியிலேயே உயிர் போனது.

அண்ணனைப் போலீஸ் வண்டியில் ஏற்றும்போது விலாவில் கட்டும் கையில் விலங்குமாக இருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே ஜெயிலுக்குப் போனார், திரும்பி வரவில்லை. உள்ளேயே செத்தார். ஹமீதின் மேல் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தானே தடுமாறிக் கடப்பாரைக் கம்பியில் விழுந்ததாகக் கோர்ட்டில் சொன்னாராம். செல்லச்சாமி ஆடுகளை விற்றுவிட்டுப் பரமக்குடிப் பக்கம் போய்விட்டான் என்று கேள்வி. அவனை இன்றைக்குக் கண்டாலும் மிச்சப் பல்லை நான் எடுத்துவிடுவேன். சதக்கத்துல்லா காக்கா போர்டைக் கழற்றித் திருப்பிச் சுவரில் சாய்த்து வைத்தார். மதிலில் ரத்தம் தெறித்த இடத்துக்கு வெள்ளையடிக்க யாரும் வரவில்லை.

நான் ஏர்வாடி போனேன். சந்தனக்கூட்டுக் கூட்டத்தில், முக்காடு போட்ட பெண்களுக்கு நடுவில் முட்டி மோதி நின்று, லாத்தா சொன்னதை வாய்விட்டுச் சொன்னேன். ஒரு வேதக்காரி சொல்வதை ஏர்வாடியார் கேட்பாரா என்று தெரியாமல் இரண்டு தடவை சொன்னேன்.

கிடாய் சாகவில்லை. அதன் காலுக்குப் பூவரசங் குச்சி வைத்து நான்தான் கட்டுப் போட்டேன். எலும்பு கோணலாகக் கூடியது. ஊனப்பட்டதை நேர்ச்சைக்குக் கொடுக்க முடியாது. விற்கவும் அறுக்கவும் ஹமீது சம்மதிக்கவில்லை. அவன் அதைப் பார்க்கவே மாட்டான், கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவான். அது மூன்று காலில் குதித்துக் குதித்து ஊர் முழுக்கத் திரிந்தது.

சங்கம் இல்லாவிட்டாலும் நான் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தவில்லை. தின்னச் செல்லச்சாமியின் பட்டி இல்லாததால் அடுத்த வருஷம் மழைக்குக் கன்றுகள் ஆள் உயரம் தாண்டின. மஞ்சள் பூ பூத்தது. வண்டிக்காரர்கள் நிழலுக்கு நிறுத்த ஆரம்பித்தார்கள். ஒருவரும் மூக்கைப் பொத்தவில்லை.

அந்த வருஷம் ஒரு மத்தியானம் குடத்தோடு போனபோது, பள்ளிவாசல் மதிலோரத்து மரத்தடியில் கிடாய் நின்றது. தலையைத் தூக்கி மேலே பார்த்தது. மற்ற ஆடு என்றால் முன்னங்காலைத் தண்டில் ஊன்றி எட்டிவிடும். இது கோணல் காலை வைத்தது, வழுக்கி விழுந்தது. எழுந்து மறுபடி வைத்தது.

நான் குடத்தை இறக்கி வைத்தேன். கைக்கு எட்டியதில் பெரிய கிளையாகப் பார்த்து, குருத்தோடும் பூவோடும் முறித்து, அதன் வாயில் கொடுத்தேன்.